ஒலீட்டா நேப்பியர் விடாமல் கேட்ட கேள்வி

எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களை முதலில் பார்ப்பது நான். பெயரைக் கேட்டு, காப்பீட்டு அட்டையை வாங்கிப் பார்த்து, "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்வது என் வேலை. அடுத்து அவர்களை உள்ளே அழைத்துப் போகிறவள் ஒலீட்டா. எடை பார்ப்பாள், கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்ப்பாள். புகை உண்டா, குடி உண்டா, மனசு எப்படி இருக்கிறது என்று வரிசையாகக் கேட்பாள். கடைசியில், "வீட்ல துப்பாக்கி இருக்கா? இருந்தா பூட்டி வெச்சிருக்கீங்களா?" என்பாள். அதற்குப் பிறகுதான் டாக்டர் வருவார்.

கென்டக்கி மலைக்குள் இந்தக் கேள்விக்கு எல்லோரும் சொல்கிற பதில் ஒன்றுதான். இல்லை. சொல்கிற ஆளின் பிக்அப் வண்டி ஜன்னலுக்கு வெளியே நிற்கும். அதன் பின்கண்ணாடியில் மான் வேட்டைத் துப்பாக்கி இரண்டு படுத்திருக்கும். என் மாமனார் இடுப்பில் ஒன்றைச் செருகிக்கொண்டே "சேச்சே, நம்ம வீட்ல ஏதும்மா அதெல்லாம்" என்றிருக்கிறார். அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. என் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கிற அந்நியனுக்கு அந்தப் பதிலே அதிகம் என்பது எங்கள் பக்கத்து எண்ணம். ஒலீட்டாவும் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள்.

ஒரே ஓர் ஆளிடம் மட்டும் அவள் அப்படி விட்டதில்லை. டென்சில் ஃப்யூகேட். அவன் வாயிலிருந்து உண்மையைக் கறக்காமல் சாகமாட்டேன் என்று இருந்தாள். அவளுடைய பிள்ளை ஜேரட் திருடன் இல்லை என்று அவன் சொல்ல வேண்டும், ஊர் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. இதற்குப் பழி என்று பெயர். இதைவிட நல்ல பெயர் வைக்க எனக்கு மனசில்லை.

ஒலீட்டா முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். நல்ல உயரம், ஆண்பிள்ளைக் கை. எதிரே நிலக்கரி லாரி வந்தால் வளைவில் முழு பஸ்ஸையும் பின்னால் எடுத்துக்கொண்டு போய் ஒதுங்குவாள். லாரிக்காரன் தொப்பியைத் தொட்டு சலாம் வைத்துவிட்டுப் போவான். புருஷன் லானி ஒஹையோவுக்குக் கார் தொழிற்சாலை வேலைக்கென்று போய் அங்கேயே வேறு குடும்பம் போட்டுக்கொண்டான். போனால் போகட்டும் என்று இவள் ஜேரட்டை வைத்துக்கொண்டு வாழ்ந்தாள்.

ஜேரட் அம்மா ஓட்டுகிற பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போவான். வெட்கம். கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, இறங்கும்போது மற்ற பிள்ளைகளைப் போல "தேங்க்ஸ், டிரைவரம்மா" என்பான். வீட்டுக்கு வந்தால் மோர்க்கிண்ணத்தில் மக்காச்சோள ரொட்டியை உதிர்த்துப் போட்டுச் சாப்பிடுவான். இன்னொரு துண்டு வேண்டுமென்றால், "அம்மா, எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுவான். சொந்த வீட்டில்! "எடுத்துத் தின்னேன்டா, எதுக்குடா இந்தக் கேள்வி" என்று ஒலீட்டா திட்டுவாள். அந்தப் பிள்ளையைத்தான் திருடன் என்றார்கள்.

டென்சிலைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டை ஒட்டி வண்டி பழுது பார்க்கும் ஷெட் வைத்திருந்தான். சபையில் மூப்பர். ஊர் போலீசுக்குத் தலைவரான ஷெரிஃப் அவனுக்குப் பெரியப்பா பையன். ஊரில் எல்லோருக்கும் அவன் டென்சில் அண்ணன். நான் "அவன்" என்று சொல்வதை மரியாதைக்குறைவு என்று நினைத்தால் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒலீட்டா பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அந்த நாளில்தான் வடக்கே மினசோட்டாவிலிருந்து டாக்டர் ஹால்வர்சன் புதிதாக வந்திருந்தார். சின்ன வயசு, வெளிர் முடி. ஜனங்கள் "வடக்கத்திப் பொண்ணு" என்பார்கள். கால்பந்து அணியில் சேர்வதற்கான உடல் பரிசோதனைக்கு டென்சில் தன் மகன் ட்ரென்ட்டைக் கூட்டிக்கொண்டு வந்தான். டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்தார், பிறகு சாதாரணமாக, "வீட்ல துப்பாக்கி இருக்காப்பா? எங்க வெச்சிருப்பாங்க?" என்று கேட்டார். ட்ரென்ட் பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

"வாயை மூடுறா!" டென்சில் போட்ட சத்தம் என் மேஜை வரைக்கும் கேட்டது. "ஏம்மா, முட்டியப் பாக்கச் சொன்னா முட்டியப் பாரு. என் வீட்டை எதுக்குப் பாக்கற?"

"பசங்க கைக்கு எட்டாம இருக்கணும்னுதான் சார் கேக்கறேன். எல்லாரையும் கேக்கறதுதான்."

"எங்க பசங்களுக்கு நாங்க சொல்லிக் குடுத்திருக்கோம். நீ எங்களுக்குச் சொல்லிக் குடுக்க வேணாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று பேசினான். இன்றைக்குக் கேட்பார்கள், நாளைக்குக் குறித்துக்கொள்வார்கள், மறுநாள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள் என்றான். சபை முழுக்க ஆமென் சொன்னது. ஒலீட்டாவும் சொன்னாள். அந்த மாதம் என் மேஜையில் ஃபோன் மணி ஓயவில்லை, வருகிறோம் என்றவர்கள் எல்லாம் வரமாட்டோம் என்றார்கள். மேலிடத்தில் பயந்துபோய், அந்தக் கேள்வியை இனிமேல் கேட்க வேண்டாம் என்று டாக்டருக்குச் சொல்லிவிட்டார்கள். டென்சில் ஜெயித்தான்.

அணில் வேட்டை தொடங்குகிற சமயத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் மத்தியானமே விட்டது. ஜேரட் ட்ரென்ட்டின் வீட்டுக்கு விளையாடப் போனான். டென்சில் ஷெட்டில் இருந்தான், அவன் மனைவி மேக்சின் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தாள். ஒரே ஒரு வெடிச்சத்தம்தான் கேட்டதாம். ஒலீட்டா பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஜேரட்டுக்குப் பதிமூன்று வயசு.

டென்சில் ஷெரிஃபிடம் சொன்னது இது. கைத்துப்பாக்கி படுக்கையறை அலமாரிக்குள் பூட்டி இருந்தது. நேப்பியர் வீட்டுப் பையன் திருப்புளியால் பூட்டை நெம்பி எடுத்திருக்கிறான். ஷெரிஃப் போய்ப் பார்த்தபோது பூட்டு நெம்பித்தான் கிடந்தது. விபத்து என்று எழுதி முடித்தார்கள். அதே வாரம் ட்ரென்ட்டை ஒஹையோவில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை.

ஒலீட்டாவுக்குத் தெரியும். அந்தக் கோடையில்தான் மேக்சினின் சமையலறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் பீன்ஸ் உடைத்து பாட்டில்களில் அடைத்தார்கள். பாட்டில் மூடி தேடி அடுப்புக்குப் பக்கத்து டிராயரை இழுத்தபோது, மூடிகளுக்கும் கரண்டிகளுக்கும் நடுவில் கைத்துப்பாக்கி கிடந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். அப்போது அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. எங்கள் பக்கம் எந்த வீட்டில் எது எங்கே இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஷெரிஃபிடம் போய்ச் சொன்னாள்.

"அது கோடையில ஒலீட்டா. அப்புறம் இடம் மாத்திட்டான். புள்ளையப் பறிகுடுத்த வேதனையில உனக்கு இப்ப எதுவும் புரியாது" என்றான் அந்தப் பெரியப்பா பையன்.

அடக்கத்தில் டென்சில் மூப்பர் என்ற முறையில் ஜெபம் செய்தான். "ஆண்டவரே, பிறர் பொருளில் கை வைத்த இந்தச் சிறுவனை மன்னித்து ஏற்றுக்கொள்ளும்" என்றான். ஒலீட்டா எழுந்து வெளியே போனாள். அந்தச் சபைப் படியை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. துக்க வீட்டுக்கு ஆளாளுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். பாத்திரத்தின் அடியில் பெயர் ஒட்டியிருக்கும், கழுவித் திருப்பிக் கொடுப்பது மரியாதை. மேக்சினின் பாத்திரத்தை மட்டும் ஒலீட்டா சாப்பாட்டோடு, மூடியைக்கூடத் திறக்காமல் அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். பீன்ஸும் பன்றி இறைச்சியும். அதில் புழு வைக்கும்வரை யாரும் எடுக்கவில்லை என்று கேள்வி.

பஸ் வேலையை விட்டாள். பாதிப் பாட்டி வயசில் கல்லூரிக்குப் போய், பதினெட்டு வயசுப் பெண்களோடு உட்கார்ந்து, பிரஷர் பார்க்கவும் ரத்தம் எடுக்கவும் படித்தாள். படிப்பை முடித்ததும் நேராக எங்கள் டாக்டரிடம் வந்தாள்.

"வேலை குடுங்க. ஒரே ஒரு நிபந்தனை. அந்தத் துப்பாக்கிக் கேள்வியை மறுபடி கொண்டுவரணும்."

"கொண்டுவந்தா நாலு பேரு சண்டைக்கு வருவாங்களே ஒலீட்டா."

"வரட்டுமே. நான்தானே கேக்கப்போறேன்? எங்கிட்ட வரட்டும்."

ஒருவனும் வரவில்லை. ஜேரட்டின் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு கத்துவதற்கு எவனுக்கு வாய் வரும்? இல்லை என்று முணுமுணுத்துவிட்டு டாக்டருக்குக் காத்திருந்தார்கள்.

டென்சிலுக்குச் சர்க்கரை. மாதா மாதம் வந்தாக வேண்டும். அவன் முதல் தடவை உள்ளே போனபோது நான் கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அது தற்செயல் என்று நான் சொல்லமாட்டேன்.

"வீட்ல துப்பாக்கி இருக்கா, மிஸ்டர் ஃப்யூகேட்?"

"என்ன ஒலீட்டா, புதுசா மிஸ்டர் எல்லாம் போட்டுக்கிட்டு... டென்சில் அண்ணன்னு கூப்பிடுவியே."

"இருக்கா, இல்லையா?"

"இல்ல."

"பூட்டியிருக்கா?"

"இல்லேன்னுதானே சொல்றேன்!"

"இல்லாததைப் பூட்டியிருக்கீங்களான்னுதான் கேக்கறேன். முன்னால ஒரு தடவை அப்படித்தான் பூட்டி வெச்சிருந்தீங்க."

காத்திருந்தவர்களில் ஒருவர்கூட இருமவில்லை. வெளியே வந்த டென்சிலின் காது சிவந்திருந்தது. எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது.

அடுத்த மாதமும் கேட்டாள். அதற்கடுத்த மாதமும். வருஷக்கணக்கில் கேட்டாள். அதே குரல், அதே வார்த்தை. மேலிடத்தில் புகார் கொடுத்தான். வந்து விசாரித்துவிட்டு, எல்லோரிடமும் கேட்கிற கேள்விதானே என்று போய்விட்டார்கள். மலையைத் தாண்டி வேறு டாக்டரிடம் போய்ப் பார்த்தான். சர்க்கரையால் கண் மங்கிவிட்டது, பனி நேரத்தில் அந்த வளைவுகளில் ஓட்ட முடியவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். அங்கே சரியாக இருந்த பிரஷர் எங்களிடம் வந்தால் மட்டும் ஏறுகிறதே என்று டாக்டர் குழம்பினார். நான் விளக்கவில்லை.

டாக்டர் ஒருநாள் ஒலீட்டாவைக் கூப்பிட்டுச் சொன்னார். "இந்தக் கேள்வி ஆளைக் காப்பாத்தறதுக்கு ஒலீட்டா. அடிக்கறதுக்கு இல்ல."

"என் புள்ளையக் காப்பாத்த அது வரல டாக்டரம்மா. எனக்கு அடிக்கவாவது உதவட்டும்."

டாக்டர் நல்ல மனுஷி. அடுத்த தடவை அவராகவே அந்த அறைக் கதவைச் சாத்தினார். ஒலீட்டா குரலை உயர்த்திக்கொண்டாள்.

போன வசந்தத்தில் மேக்சின் இறந்துபோனாள். ட்ரென்ட் அம்மாவின் அடக்கத்துக்குக்கூட வரவில்லை. அப்பனோடு அவன் பேசியே பல காலம் ஆகிவிட்டது என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. டென்சில் ஷெட்டை மூடினான். பெரியப்பா பையன் ஷெரிஃப் மூச்சிரைப்பு வந்து எங்கேயோ முதியோர் விடுதியில் கிடந்தான். அடுத்த தடவை டென்சில் கிளினிக்குக்கு வந்தபோது சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான். தாடி மழிக்கவில்லை. எனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை.

நான் ஏதோ தாளை நகல் எடுக்க அந்த அறைக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளே ஒலீட்டா வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"கடந்த ரெண்டு வாரத்துல மனசு சோர்ந்து, எதுலயும் பிடிப்பில்லாம இருந்துச்சா?"

இந்த இடத்தில் அவன் எப்போதும் "ஜோரா இருக்கேன்" என்பான். அன்றைக்கு வேறு சொன்னான். "எதுக்கு இருக்கேன்னே தெரியல."

"செத்துடலாம்னு தோணுதா?"

"தினமும் தோணுது."

அடுத்த கேள்வி அதுதான். அவள் கேட்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள், என் பக்கத்தில் நகல் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது என்று சொன்னால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். அப்படி இல்லை. திருவிழாவுக்குப் போகிறவள் மாதிரி முகம் பளிச்சென்று இருந்தது.

"டோரீன்," என்றாள் என் கையைப் பிடித்து. "இன்னிக்கு நான் ஒண்ணுமே செய்ய வேணாம். ஜோரா இருக்கார்னு போட்டுட்டு அனுப்பிட்டாப் போதும்."

"அனுப்பிடு," என்றேன். "என் காதுல எதுவும் விழல." மனசாரத்தான் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பளபளப்பு முகத்திலிருந்து போய்விட்டது.

"அவன் செத்தா என் புள்ள திருடனாவே இருந்துடுவான்டி," என்றாள்.

திரும்ப உள்ளே போனாள். "வீட்ல துப்பாக்கி இருக்கா?" மிஸ்டர் போடவில்லை.

"இருக்கு," என்றான் டென்சில்.

அத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவள் உடனே டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் அவனோடு வெகுநேரம் உட்கார்ந்து பேசினார். மாத்திரை எழுதினார், மனநல ஆலோசகரை ஃபோனில் பிடித்து அங்கேயே பேச வைத்தார், தினமும் நான் கூப்பிடுவேன், நீங்கள் எடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கினார். ஆனால் வீட்டில் இருக்கிற துப்பாக்கிகள் இன்றைக்கே வெளியே போக வேண்டும் என்றார்.

இதற்கு எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. வீட்டில் ஒருவன் மனசு விட்டுப்போனால் மச்சானோ தம்பியோ வந்து நிற்பான். "அணில் வேட்டைக்குப் போறேன், உன் துப்பாக்கியெல்லாம் கொஞ்சம் கடன் குடு" என்பான். எதற்கு இத்தனை என்று இவன் கேட்கமாட்டான். எப்போது திருப்பித் தருவாய் என்றும் கேட்கமாட்டான். இரண்டு பேருக்கும் புரியும். உறவில்லாதவன் வந்து அப்படிக் கேட்க முடியாது.

"உங்ககிட்ட வந்து கடன் கேக்க யாரு இருக்கா?" என்றார் டாக்டர். இத்தனை வருஷத்தில் அவரும் எங்கள் முறையைக் கற்றுக்கொண்டிருந்தார்.

டென்சில் யோசித்தான். பாவி, உட்கார்ந்து விரல்விட்டு யோசித்தான். ஒரு பெயரும் வரவில்லை.

"நான் கடன் வாங்கிக்கிறேன்," என்றாள் ஒலீட்டா.

டாக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். "நீ இதைச் செய்யணும்னு கட்டாயமில்ல ஒலீட்டா."

"தெரியும். டோரீன், வண்டிய எடு."

மூன்று பேரும் என் வண்டியில் போனோம். டென்சில் வீட்டுச் சமையலறையில் கழுவாத தட்டுகள் மலையாகக் கிடந்தன. ஒலீட்டா ஹாலையோ படுக்கையறையையோ திரும்பிப் பார்க்கவில்லை. நேராக அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"தெற."

"நீயே எடுத்துக்கோ."

"நீ தெற."

டிராயரை இழுத்தான். பாட்டில் மூடிகள், தோல் சீவும் கத்தி, கரண்டிகள், அவற்றுக்கு நடுவில் கைத்துப்பாக்கி.

ஒலீட்டா குனிந்து பார்த்தாள். "இது... அதேதானா?"

"அதேதான். ஷெரிஃப் திருப்பிக் குடுத்தான். எங்க வெக்கறதுன்னு தெரியல. மேக்சின் பழையபடி இங்கயே போட்டா."

பழையபடியாம்! எனக்கு அந்தக் கரண்டிகளை எடுத்து அவன் தலையில் கொட்ட வேண்டும் போல இருந்தது. ஒலீட்டா கேள்வியை விடவில்லை.

"அன்னிக்கும் இங்கதான் இருந்துச்சா?"

"இங்கதான்."

"பூட்டு?"

"பூட்டே கெடையாது. அலமாரிப் பூட்ட நான்தான் நெம்பினேன். ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணிட்டு... அது வர்றதுக்குள்ள நெம்பினேன்."

"என் புள்ள கீழ கெடக்கறப்ப."

"ஆமா."

"யாரு எடுத்தா?"

டென்சில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "ட்ரென்ட். எங்கப்பாவோடத பாத்திருக்கியான்னு காட்டறதுக்கு எடுத்திருக்கான். ஜேரட் தொடவே இல்ல. வேணாம், உங்கப்பாகிட்ட கேட்டுக்கோன்னுதான் சொன்னானாம். ட்ரென்ட் அதைச் சொல்லிச் சொல்லி அழுதான். உண்மையச் சொல்லிடறேன்னான். நான் அவனை அனுப்பிட்டேன். எம்புள்ளையக் காப்பாத்தறதா நெனச்சேன் ஒலீட்டா. அவன் அதுக்கப்புறம் என்னை அப்பான்னே கூப்பிடல."

ஒலீட்டா அடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தமே இல்லாமல் அழுதாள். பிறகு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் விரலை நீட்டினாள்.

"இவளை எதுக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன் தெரியுமா? வண்டிக்கா? எங்கிட்டயும்தான் வண்டி இருக்கு. இந்த மலையிலயே பெரிய வாய் இவளுக்குத்தான்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நிமிர்ந்து நின்றேன்.

"சொல்லட்டும்," என்றான் டென்சில். "நான் போய்ச் சேந்தப்புறம் என்ன வேணா சொல்லிக்கட்டும்."

"போய்ச் சேர்றதா? எங்கடா போற நீ?" ஒலீட்டா துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை உருவி மேஜையில் ஒவ்வொன்றாக வைத்தாள். "நீ செத்தா ரெண்டு நாள் அழுதுட்டு, பாவம், நல்ல மனுஷன்னு சொல்லிடுவானுங்க. நீ இருக்கணும். கடைக்குப் போகணும், சபைக்குப் போகணும். ஒவ்வொருத்தனும் உன் மூஞ்சியப் பாக்கணும். டாக்டரம்மா குடுத்த மாத்திரைய ஒழுங்கா முழுங்கு. ஃபோன் பண்ணினா எடு. எடுக்கலேன்னா நானே வந்து நிப்பேன்."

வீடு முழுக்கத் தேடி, கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் இருந்ததையெல்லாம் வண்டியில் ஏற்றினாள். அவளையும் துப்பாக்கிகளையும் அவள் வீட்டில் இறக்கிவிட்டேன். அப்புறம் நேராக பெட்ரோல் பங்க் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். ஆம்பளைகள் எல்லாம் பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டியும் குழம்பும் தின்றுகொண்டு அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு காப்பி வாங்கிக்கொண்டு ஆரம்பித்தேன். கிளினிக்கில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நான் அங்கே சொன்னது சமையலறையில் கேட்டது. இங்கே இரண்டையும் கலந்து சொல்லிவிட்டேன் என்று டென்சில் வழக்குப் போட்டால் போடட்டும், கோர்ட்டில் இன்னொரு தடவை சொல்கிறேன்.

அடுத்த ஞாயிறு போதகர் ஜேரட்டின் பெயரைச் சொல்லி, குற்றமில்லாத பிள்ளை என்று ஜெபித்தார். டென்சில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் இரண்டு பக்கமும் காலி. ட்ரென்ட் ஒஹையோவிலிருந்து ஒலீட்டாவுக்கு ஃபோன் செய்தான். என்ன பேசினார்கள் என்று என்னிடமே சொல்லவில்லை. பகைவனின் உயிரைக் காப்பாற்றினாளே, எப்பேர்ப்பட்ட மன்னிக்கிற மனசு என்று சபைப் பெண்கள் அவள் வீட்டுக்கு அடுக்கு கேக் செய்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

"மன்னிப்பா?" என்றாள் ஒலீட்டா என்னிடம், அந்த கேக்கை வெட்டி எனக்கும் ஒரு துண்டு கொடுத்தபடி. "இவளுங்களுக்குப் பைத்தியமா?"

டென்சில் மாத்திரை சாப்பிடுகிறான். உடம்பு தேறியிருக்கிறது. போன மாதம் வந்தபோது காத்திருந்தவர்கள் அவனைக் கண்டதும் பத்திரிகையை முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டார்கள். ஒலீட்டா எடை பார்த்தாள், பட்டையைச் சுற்றினாள்.

"வீட்ல துப்பாக்கி இருக்கா, மிஸ்டர் ஃப்யூகேட்?"

"இல்ல. எல்லாம் உங்கிட்ட இருக்கு."

"முன்னால எங்க இருந்துச்சு?"

"டிராயர்ல."

"பூட்டி இருந்துச்சா?"

"இல்ல." அவன் குரல் கெஞ்சியது. "அதான் ஊருக்கே தெரிஞ்சுபோச்சே ஒலீட்டா. இன்னும் எவ்வளவு நாளைக்குக் கேப்ப?"

"ஜேரட் எழுந்து வர்ற வரைக்கும்," என்றாள் ஒலீட்டா.

அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு என் மேஜைக்கு வந்தான். நான் அடுத்த மாதத்துக்குத் தேதி போட்டுக் கொடுத்தேன்.